புராண மாந்தரும் திரைக்கோலமும்

முன்னுரை

காவியம் படிப்போர் அதன் மாந்தர்க்குத் தத்தம் மனத்தில் வடிவம் சமைத்துக்கொள்கின்றனர். திரைப்படமோ அனைவர்க்கும் ஒரே முகத்தையும் ஒரே உடையையும் தந்துவிடுகின்றது. ஆதலின் புராண மாந்தர்க்கு நடிகரைத் தேர்வதும் ஒப்பனை வகுப்பதும் எளிய செயல்கள் அல்ல. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த 'தோர்' என்னும் ஆங்கில வீரசாகசப் படம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வட ஐரோப்பியப் புராணத்தில் 'வெண்மையான தேவன்' எனப்படும் ஹைம்டாலின் வேடத்தைக் கறுப்பின நடிகரான இட்ரிஸ் எல்பா ஏற்றார். படம் வெளிவருமுன்னரே சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். புராணப் பாத்திரத்தில் மாற்றத்தக்கது எது, மாற்றத்தகாதது எது? நம் கலைமரபின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

ஒப்பனை ஒரு மொழி

நாட்டிய நூலார் அபிநயத்தை உடல், சொல், ஒப்பனை, உள்ளம் என்பவற்றால் நால்வகையாகப் பகுத்தனர். ஒப்பனைக்கு 'ஆகார்யம்' என்று பெயர். நம் நாடுகாணியிலிருந்து வழிக்கடவுக்கு இறங்கும் மலைப்பாதை கதகளி வழங்கும் மலையாள நாட்டிற்குச் செல்கின்றது. அக்கலையில் பச்சை முகம் உயர்குணத் தலைவனைக் குறிக்கும். 'கத்தி' வேடம் இராவணன், துரியோதனன் போன்ற செருக்குடையோரைக் குறிக்கும். வெள்ளைத்தாடி அனுமனுக்கு உரியது. வேடம் புனைந்தவரின் இயற்கை நிறத்தை அங்கு எவரும் வினவுவதில்லை.

மாயாபஜார் தரும் பாடம்

1956-இல் வெளிவந்த 'சொந்த ஊரு' என்னும் தெலுங்குப் படத்தில் என்.டி. ராமராவ் கண்ணனாகச் சிறிது நேரம் தோன்றினார், அத்தோற்றம் எடுபடவில்லை. எனவே, 'மாயாபஜார்' படத்தில் மீண்டும் கண்ணனாக நடிக்கத் தயங்கினார். இயக்குநர் கே.வி. ரெட்டி அவரை இசைவித்து, உடையிலும் உடலசைவிலும் தனிக்கவனம் செலுத்தினார். 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த அப்படத்திற்குப் பின், கண்ணன் என்றதும் மக்கள் மனத்தில் அவர் முகமே தோன்றலாயிற்று. 1964-இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்திலும் அவரே கண்ணனானார். நடிகர் ஒருவரே, பாத்திரமும் ஒன்றே. விளைவு மட்டும் வேறாயிற்று. முகப்பொருத்தம் மட்டும் போதாது என்பது இதனால் பெறப்படும்.

மாறுவதும் மாறாததும்

1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், 1941-இல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராகவும் நடித்தனர். பெண் ஆண்வேடம் புனைந்தும் கதை சிதையவில்லை. நந்தனாரின் பக்தியும் நாரதரின் இசையும் அவ்விருவர் குரலிலும் நிலைபெற்றிருந்தன.

'ஒன்றை மாற்றினால் நாளை எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்களே' என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கதை எந்த அடையாளத்தைப் பற்றி நிற்கின்றதோ அது மாறலாகாது என்பதே அவ்வளவுகோல். கர்ணனின் கவச குண்டலங்கள் அணிகலன்கள் அல்ல, அவனுடன் பிறந்தவை. இந்திரன் இரந்து பெறுவது அவற்றையே. அவற்றை நீக்கினால் அவன் கொடையின் பெருமை விளங்காது. ஹைம்டாலின் தொழிலோ வானவில் பாலத்தைக் கண்துஞ்சாது காப்பது. கூரிய பார்வையும் அசையாத நிலையும் அதற்குப் போதும். தோலின் நிறம் அக்காவலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எல்பாவுக்கு அமைந்த பொற்கவசமும் கொம்புடைத் தலைக்கவசமும் அக்காவல் நிலையையே உணர்த்தின.

முடிவுரை

மாணவர்கள் இத்தகைய படங்களைக் காணும்போது, 'இவர் யார்? எந்நிறத்தவர்?' என்பதற்கு முன், 'இப்பாத்திரம் எதனால் வாழ்கின்றது? அதனை இவர் தாங்குகின்றாரா?' என்று வினவிப் பழகுதல் வேண்டும். பிறப்பாலும் நிறத்தாலும் தகுதியை அளக்கும் பழக்கம் அரங்கில் தோற்றால், அரங்கிற்கு வெளியேயும் தளரும். கலை நமக்குச் செய்யும் நன்மைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.