பவர் கொடுத்தால் திரும்ப வாங்கவும் தெரியணும்



கடன், சேமிப்பு, வட்டிக் கணக்கு எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் நம் பேரில் உள்ள நிலத்துக்கோ வீட்டுக்கோ அண்ணன், மகன், புரோக்கர் என்று யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, அதோடு மறந்துவிடுகிறோம். அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

பவர் என்றால் என்ன?

நமக்குப் பதிலாக வேலை செய்ய ஒருவருக்கு நாம் கொடுக்கும் அதிகாரம்தான் பவர். பத்திரத்தில் இதைப் பொது அதிகார ஆவணம் என்று எழுதுவார்கள். பவர் கொடுத்ததால் சொத்து அவருடையது ஆகிவிடாது, சொந்தக்காரர் நாம்தான். பவர் மூலமாக மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் விற்கும் அதிகாரத்தையும் அதில் எழுதியிருந்தால், நம் சார்பாக அவர் கிரயம் செய்து கொடுக்க முடியும். அந்தப் பணத்துக்குக் கணக்கு கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

புதுப்பிக்க வேண்டுமா?

காலக்கெடு எழுதியிருந்தால், அந்தத் தேதியோடு பவர் முடிந்துவிடும். மேலும் தேவை என்றால் புதிதாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். காலக்கெடு எழுதாவிட்டால், நாம் ரத்து செய்யும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். "பத்து வருஷம் ஆச்சே, தானா செத்துப் போயிருக்கும்" என்று நினைக்கக் கூடாது.

கொடுத்தவரோ வாங்கியவரோ இறந்துவிட்டால் பவர் பொதுவாக முடிந்துவிடும். மனநிலை பாதிக்கப்பட்டாலும் அப்படியே. கொடுத்த வேலை முடிந்தாலும் முடிந்துவிடும்.

ரத்து செய்வது எப்படி?

வீட்டில் இருக்கும் நகலைக் கிழித்துப் போட்டால் ரத்து ஆகாது. வாயால் சொல்லிவிட்டு வந்தாலும் போதாது.

1. பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் சொத்து சம்பந்தமான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-ல் சட்டம் வந்தது.

2. பவர் வாங்கியவருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) தகவல் அனுப்புங்கள். ரத்து ஆனது அவருக்குத் தெரிந்த பிறகுதான் அது அவரைக் கட்டுப்படுத்தும். தபால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள்.

3. அசல் பவர் பத்திரத்தையும், கொடுத்து வைத்த மூலப்பத்திரம், பட்டா எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

4. அவர் நம் சார்பாகப் பேசி வந்த வங்கி, நிலம் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். செய்தித்தாளில் அறிவிப்பு கொடுப்பதும் நல்லது.

5. கடைசியாக வில்லங்கச் சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கவனம்!

ரத்துக்கு முன்பே அதிகாரத்துக்கு உட்பட்டு அவர் செய்த கிரயத்தை ரத்துப் பத்திரம் அழிக்காது. அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே கிளம்புங்கள். இன்னொன்று: பவர் வாங்கியவர் நமக்குப் பணம் கொடுத்து, அந்தச் சொத்தில் அவருக்கும் உரிமை உண்டு என்று எழுதியிருந்தால், நாம் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. வக்கீலைக் கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

இனி பவர் கொடுக்கும் முன்

எந்த சர்வே எண், என்ன வேலை, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வரி கட்டவும் பட்டா மாற்றவும் மட்டும் என்றால், விற்கும் அதிகாரம் எதற்கு? முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்தோ கைரேகையோ வையுங்கள். நகல் ஒன்று நம் பெட்டியில் இருக்கட்டும்.

குழுவில் பேசுவோம்

- நம் குழுவில் யார் யார் பவர் கொடுத்திருக்கிறோம்? நகல் கையில் இருக்கிறதா?
- அதில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா? காலக்கெடு உண்டா?
- ரத்து செய்ய வேண்டிய சகோதரியோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் துணையாகப் போவது யார்?