போர்வை போர்த்தினால் குளிருமா?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் நெசவாளர் ஊர் இருக்கிறது. பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் ஊர். சென்ற ஆண்டு, என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், "சார், ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் புரியும்" என்று என்னை அங்கே அழைத்துச் சென்றார்.

அவருடைய அக்கா வளையல்களின்மேல் பட்டு நூலைச் சுற்றி, கல்லும் மணியும் பதித்து விற்று வருகிறார். கல்லை ஒட்டுவதற்குப் பசைத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். கடைகளில் 'க்ளூ கன்' என்று கேட்டால் தருவார்கள். குச்சி வடிவில் உள்ள பசையைப் பின்புறம் செருகி விசையை அழுத்தினால், உள்ளேயுள்ள மின் சூடேற்றியில் பசை உருகி மூக்கின் வழியாகச் சொட்டும். சிறு கற்களுக்குச் சிறு சொட்டுதான் வேண்டும். ஆகவே தம்பி அந்த மூக்கில் மெல்லிய, நீண்ட எவர்சில்வர் குழாய் ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தார்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. பசை குழாயின் முனையிலேயே இறுகியது. வெளிவந்த பசையும் நூல் நூலாக இழுத்தது. குழாயில் பட்டு அக்காவின் விரலும் சுட்டது. சூடு வெளியேறாமல் தடுத்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும் என்று கருதி, தம்பி குழாயின்மேல் ஒட்டு நாடாவைச் சுற்றியிருந்தார்.

நான் அதைப் பார்த்துவிட்டு, "சுற்றியது போதாது, தம்பி. இன்னும் நாலு சுற்று சுற்று" என்றேன். பல ஆண்டுகளாக வெப்பவியல் நடத்துபவன் அல்லவா!

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து நின்றார். "சார், சுற்றச் சுற்ற மோசமாகிறது. அவிழ்த்துவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை" என்றார். அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவர் கண்டதே சரி. ஆசிரியர் சொன்னதே தவறு! அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உருக்கி ஒட்டும் பசை

சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் பசை நமக்குப் புதியதன்று. கத்தியின் காம்பைப் பிடிக்குள் இறுக்க அரக்கை உருக்கி ஊற்றும் வழக்கம் மிகப் பழையது. பட்டு நூலிலும் இத்தகைய பசை உண்டு. பட்டுப்புழு தன் கூட்டை நூற்கும்போது, இழையின்மேல் செரிசின் என்னும் பசையைப் பூசுகிறது. கூட்டை வெந்நீரில் இட்டால் அப்பசை இளகி இழை பிரிகிறது. சாயம் தோய்க்கும் முன் சவர்க்கார வெந்நீரில் இந்தப் பசையை நீக்கும்போது, பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இன்றைய பசைக் குச்சி பெரும்பாலும் எத்திலின் வினைல் அசெட்டேட் என்னும் பிளாஸ்டிக்கையும், பிசினையும், மெழுகையும் கலந்து செய்யப்படுவது. அட்டைப் பெட்டிகளை மூடவும், புத்தகங்களின் முதுகை ஒட்டவும் தொழிற்சாலைகள் இவ்வகைப் பசையையே பெரிய இயந்திரங்களின் வழியே செலுத்துகின்றன. ஏறத்தாழ 170° செல்சியஸில் இது நன்றாக ஓடும். சில பத்துப் பாகை குறைந்தாலும் குழகுழவென்று தடித்து நூலிழுக்கும். அப்படியானால் சூட்டைக் கூட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பசை பழுப்பாகிக் கருகும். கருகிய துகள் மூக்கை அடைக்கும். ஆகவே, பசைக்கு வேண்டிய வெப்பநிலை முனைவரை மாறாமல் இருக்க வேண்டும்.

இரண்டு தடைகள்

சூடான குழாயிலிருந்து வெப்பம் அறைக் காற்றுக்குப் போக வேண்டுமானால், அது இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் தடை, மேலே சுற்றிய காப்புறை. வெப்பம் இதைக் கடத்தல் முறையில் கடக்கிறது. உறை தடிக்கத் தடிக்க இந்தத் தடை கூடும்.

இரண்டாம் தடை, உறையின் வெளிப்பரப்பு. இங்கிருந்து வெப்பம் காற்றின் சலனத்தாலும் கதிர்வீசலாலும் வெளியேறுகிறது. பரப்பு பெரிதானால் வெப்பம் எளிதில் வெளியேறும். வாயில் அகலமானால் கூட்டம் விரைவில் வெளியேறுவது போலத்தான்.

தட்டையான சுவரின்மேல் எத்தனை அடுக்கு வைத்தாலும் வெளிப்பரப்பு மாறுவதில்லை. முதல் தடை மட்டும் கூடுகிறது. ஆகவே உறை எப்போதும் நன்மையே தரும். குழாயின் கதை வேறு. 3 மி.மீ. ஆரமுள்ள குழாயின்மேல் 7 மி.மீ. தடிப்புக்கு உறை சுற்றினால், வெளி ஆரம் 10 மி.மீ. ஆகிறது. வெளிப்பரப்பு மூன்று மடங்குக்கும் மேல் பெருகிவிடுகிறது! ஒரு கையால் கதவைத் தடிப்பாக்கிக்கொண்டே மறு கையால் வாயிலை அகலமாக்குகிறோம். இரண்டில் எது வெல்லும்? அதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

குழாயின் வெளி ஆரம் 3 மி.மீ., நீளம் 2.5 செ.மீ. எளிமைக்காகக் குழாய் முழுவதும் 170° செல்சியஸில் இருப்பதாகவும், அறையின் வெப்பநிலை 30° என்றும் கொள்வோம். வேறுபாடு 140°. பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 15 வாட் வீதம் வெப்பத்தை வெளியேற்றுவதாகக் கொள்வோம். இதைப் பரப்பு வெப்ப மாற்று எண் என்கிறோம்.

வெறுங் குழாயின் பரப்பு = 2 × 3.14 × 0.003 × 0.025 = 0.00047 சதுர மீட்டர்.

வெப்ப இழப்பு = 0.00047 × 15 × 140 = ஏறத்தாழ 1 வாட்.

இப்போது ரப்பரைப் போல, வெப்பங்கடத்து எண் 0.15 வாட்/மீட்டர்-கெல்வின் உள்ள பொருளைச் சுற்றுவோம். இதற்கான கணக்கில் மடக்கை வரும். கல்லூரியில் அதை நீங்களே செய்வீர்கள். விடைகளை மட்டும் இங்கே தருகிறேன்.

உறையின் தடிப்பு 2 மி.மீ. ஆனால் இழப்பு 1.3 வாட்.
தடிப்பு 7 மி.மீ. ஆனால் இழப்பு 1.5 வாட்.
தடிப்பு 27 மி.மீ. ஆனால் இழப்பு 1.25 வாட்.

பார்த்தீர்களா? உறை தடிக்கத் தடிக்க இழப்பு முதலில் கூடுகிறது. ஓர் உச்சத்தை அடைந்த பிறகே குறையத் தொடங்குகிறது. கட்டைவிரலைவிடத் தடிப்பாகச் சுற்றினாலும் வெறுங் குழாயைவிட இழப்பு கூடுதல்தான். உச்சம் எந்த ஆரத்தில் ஏற்படுகிறதோ அதற்கு மாறுநிலை ஆரம் என்று பெயர். அதைக் காணும் வழி மிக எளிது:

மாறுநிலை ஆரம் = உறையின் வெப்பங்கடத்து எண் ÷ பரப்பு வெப்ப மாற்று எண்.

நம் கணக்கில் 0.15 ÷ 15 = 0.01 மீட்டர், அதாவது 10 மி.மீ. குழாயின் ஆரம் இதைவிடச் சிறியதாக இருந்தால், முதலில் சுற்றும் சுற்றுகள் வெப்பத்தைக் காப்பதற்கு மாறாக வெளியேற்றவே உதவும். "இன்னும் நாலு சுற்று" என்ற என் அறிவுரை எங்கே பிழைத்தது என்பது இப்போது புரியும்.

எவர்சில்வர் குழாய் இந்தத் தொல்லையைப் பெரிதாக்கியது. பித்தளையோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். பரப்பில் இழந்த வெப்பத்தைச் சூடேற்றியிலிருந்து முனைக்குக் கொண்டுவந்து ஈடுசெய்ய அதனால் முடிவதில்லை. இதே அளவுள்ள பித்தளைக் குழாயில் முனையின் சூடு சில பாகையே குறையும்; எவர்சில்வரில் பத்துப் பத்தாகக் குறையும்.

தீமையும் நன்மையாகும்

இதைப் படித்துவிட்டு, குழாய்களுக்குக் காப்புறையே கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அனல் மின்நிலையத்து நீராவிக் குழாயின் ஆரம் மாறுநிலை ஆரத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அங்கே சுற்றும் ஒவ்வொரு சுற்றும் இலாபமே.

நம் வீட்டு மின்கம்பியையும் பாருங்கள். ஒரு மி.மீ. ஆரங்கூட இல்லாத செம்புக் கம்பியின்மேல் பி.வி.சி. உறை இருக்கிறது. மின்சாரம் நம்மைத் தாக்காமல் காப்பதுதான் அதன் வேலை. ஆனால் கம்பியில் தோன்றும் வெப்பம் எளிதாக வெளியேறவும் அதே உறை உதவுகிறது. பசைக் குழாய்க்குத் தீமை செய்த அதே விதி மின்கம்பிக்கு நன்மை செய்கிறது!

பசைக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று

பசையின் சூட்டைக் காப்பதும் விரலைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். நாங்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதியதே குழப்பத்துக்குக் காரணம்.

பசைக்கு வேண்டியது, மாறுநிலை ஆரம் மிகச் சிறிதாக வரும் பொருள். கண்ணாடி இழைக் கம்பளியின் கடத்து எண் ஏறத்தாழ 0.045. மாறுநிலை ஆரம் 3 மி.மீ. மட்டுமே. அதை 7 மி.மீ. தடிப்புக்குச் சுற்றினால் இழப்பு 0.66 வாட்டாக இறங்கும். அசையாத காற்றின் கடத்து எண் இன்னும் குறைவு, 0.03 அளவே. ஆகவே குழாயைத் தொடாமல், சுற்றிலும் 3 மி.மீ. காற்றிடைவெளி விட்டு மற்றொரு மெல்லிய குழாயைப் போர்த்துவது நல்ல வழி. இடைவெளி குறுகலாக இருப்பதால் காற்று உள்ளே சுழல முடியாது.

விரலுக்கு வேண்டியது, தொட்டால் வெப்பத்தை விரைந்து தராத மேற்பரப்பு. ஒரே சூட்டில் உள்ள பித்தளையும் ரப்பரும் ஒரே மாதிரி சுடுவதில்லை. பித்தளை வெப்பத்தைச் சட்டென்று விரலுக்குள் தள்ளும். ரப்பர் மெல்லத்தான் தரும். 200 பாகை வரை தாங்கும் சிலிகோன் ரப்பர் உறை இதற்கு ஏற்றது.

ஐயம்பேட்டையில் இறுதியாகச் செய்தது இதுதான். எவர்சில்வர் குழாயை எடுத்துவிட்டுப் பித்தளைக் குழாய் பொருத்தினோம். அதன்மேல் காற்றிடைவெளி விட்டு ஒரு வெளிக்குழாய். அதற்கும் மேல் 3 மி.மீ. தடிப்பில் சிலிகோன் ரப்பர். முனையில் கொஞ்சம் வெளியே தெரியும்படி விட்டோம். கணக்குப்படி இழப்பு ஏறத்தாழ 0.7 வாட், ரப்பரின் வெளிப்பரப்பு 60 பாகையை ஒட்டி இருக்கும். நேரே வீசிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியையும் திருப்பி வைத்தோம். வீசும் காற்றில் பரப்பு வெப்ப மாற்று எண் இரண்டு மூன்று மடங்காகிவிடும் அல்லவா? பசை நூலிழுப்பது நின்றது. "இப்பதான் சார் வேலை ஓடுது" என்றார் அக்கா.

சில எச்சரிக்கைகள். மின்வேலைக்கான கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சூடான மூக்கில் சுற்றாதீர்கள். அது மின்சாரத்துக்குத்தான் காப்பு. இந்தச் சூட்டில் உருகி நச்சுப் புகை விடும். பழைய பட்டறைகளில் கிடைக்கும் கல்நார்க் கயிறும் வேண்டாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். உருகிய பசை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள். பற்பசை, மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

செய்து பாருங்கள்

பளபளப்பான ஒரே அளவுள்ள எவர்சில்வர் தம்ளர்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதைச் சுற்றி ஒரே ஒரு அடுக்கு வெள்ளைத் தாளை இறுக்கமாக ஒட்டுங்கள். மூன்றாவதைச் சுற்றி இரண்டு விரல் தடிப்புக்குப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன் மூன்றிலும் ஒரே சூட்டில், ஒரே அளவு வெந்நீர் ஊற்றி, அட்டையால் மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் வரை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்.

பஞ்சு சுற்றியது மெல்ல ஆறும். வியப்பு என்னவென்றால், தாள் சுற்றிய தம்ளர் வெறுந் தம்ளரைவிட விரைவாக ஆறும்! இங்கே காரணம் பரப்பு பெருகுவதன்று. பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்வீசும். தாள் மிகுதியாகக் கதிர்வீசும். காரணம் வேறானாலும் பாடம் ஒன்றே. காப்பு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒரு பொருள் காத்துவிடாது. அளந்து பார்க்க வேண்டும். ஐயம்பேட்டை மாணவர் அதைத்தான் செய்தார்.

சிந்திக்க:

1. தம்ளரின் ஆரம் 35 மி.மீ. என்றால், 0.15 கடத்து எண்ணுள்ள ரப்பரை அதன்மேல் சுற்றுவது வெப்பத்தைக் காக்குமா?

2. மின்விசிறிக் காற்றில் பரப்பு வெப்ப மாற்று எண் 45 ஆனால், அதே ரப்பரின் மாறுநிலை ஆரம் என்ன?