குறிப்பைப் படிக்காதீர்கள், எழுதியவரைப் படியுங்கள்

சென்னையில் டிரஷர் ஹன்ட் நடத்த ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. புதுக் கிளை திறப்பார்கள், எஃப்.எம். நிலையம் ஆண்டுவிழா கொண்டாடும், ஆகஸ்ட் 22 வந்தால் மெட்ராஸ் தினம். நண்பர்களோடு இவற்றில் ஓடி, சிலவற்றில் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஜெயிக்கப் பொது அறிவு வேண்டும் என்பார்கள். அது கொஞ்சம் இருந்தால் போதும். பணம் போடுகிறவர் யார் என்று பார்க்கும் புத்திதான் அதிகம் வேண்டும்.

இது விளம்பரத்துக்காக நடக்கிற விளையாட்டு. ஸ்பான்சருக்கு உங்கள் மூளையைச் சோதிக்கும் ஆசையெல்லாம் கிடையாது. அவருடைய கடை வாசலில் ஒரே நிற டி-ஷர்ட் போட்ட கும்பல் நின்று செல்ஃபி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் முதல் நாள் இரவே நோட்டீஸின் அடியில் இருக்கும் லோகோக்களைப் பார்த்து, அந்தக் கடைகளின் கிளைகளை மேப்பில் குறித்துவிடுவேன். வழியில் இரண்டு மூன்று நிறுத்தங்களாவது அந்தப் புள்ளிகளில் விழும்.

மீதி நிறுத்தங்களுக்கு நடத்துகிறவரின் கஷ்டத்தை யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் அனுமதி வாங்காமல், நாற்பது கார் வந்து நின்று போகிற இடமாக அவர் தேடுவார். கோட்டைக்குள் நுழைய சோதனை உண்டு. உள்ளே குறிப்பு வைக்க மாட்டார். உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில், 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறதே, அது அவருக்குக் கொண்டாட்டம். தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைத்து, பிறகு 1897-இல் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ், மெரினாவில் பாறையைப் புரட்டும் நான்கு உழைப்பாளிகள் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்பது வரைக்கும் கேட்டுவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் பைக்கில் ஒரு சுற்று சுற்றி, கல்வெட்டுகளையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குறிப்பு எழுதுகிறவர்களுக்குப் பழைய தெருப்பெயர் என்றால் தனி ஆசை. மௌபரீஸ் ரோடு என்றால் டி.டி.கே. சாலை, லாயிட்ஸ் ரோடு என்றால் அவ்வை சண்முகம் சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றால் ராதாகிருஷ்ணன் சாலை. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். போனில் தேடும் நேரம்கூட மிச்சம்.

பெரும்பாலான டீம்கள் கோட்டை விடுவது முதல் வரியில்தான். 'மணி பார்த்துச் சொல்லும் கோபுரம்' என்று படித்ததுமே வண்டியை ராயப்பேட்டைக்குத் திருப்புவார்கள். மிண்ட்டிலும் டவுட்டனிலும்கூட மணிக்கூண்டு உண்டு. எது என்பதை இரண்டாவது வரிதான் சொல்லும். கடைசிச் சொல்வரை படிக்காமல் கிளட்ச்சை விடக்கூடாது என்பது எங்கள் டீமின் சட்டம். முன்னால் போகிற டீமின் காரைத் துரத்துவது அதைவிட மோசம். அவர்களும் வேறு யாரையாவது துரத்திக்கொண்டிருப்பார்கள்.

டீமில் நான்கு பேர் என்றால், ஓட்டுகிறவர் ஓட்டட்டும், குறிப்பைத் தொடவே கூடாது. ஒருவர் வழி பார்க்க, ஒருவர் படிக்க, ஒருவர் இறங்கி ஓட. ஓடுகிறவர் கூச்சமில்லாதவராக இருக்க வேண்டும். மேப் காட்டாததை ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பெரியவர் காட்டுவார். "அண்ணே, இங்க பழைய தண்ணித் தொட்டி ஒண்ணு இருந்துச்சாமே?" என்று கேட்டால், "அதை இடிச்சு ரொம்ப நாளாச்சு தம்பி, அந்த இடத்துலதான் இப்ப பேங்க் இருக்கு" என்று பதில் வரும். பூக்காரம்மாவும் இஸ்திரி வண்டிக்காரரும் இதே ரகம். தி.நகர், சௌகார்பேட்டை போன்ற இடங்களில் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதுதான் வேகம்.

பொருள் சேகரிக்கச் சொல்லும் போட்டிகளும் உண்டு. வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் 25 பைசா நாணயம் (2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஆனால் பட்டியலில் தவறாமல் வரும்), ஐம்பது பைசா போஸ்ட்கார்டு, இன்லேண்ட் லெட்டர், பழைய சினிமா டிக்கெட் எல்லாம் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையம் பூட்டியிருக்கும் என்பது நடத்துகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

எழுதியவரைப் படிப்பதில் ஓர் எல்லையும் உண்டு. கிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1979-இல் 'மாஸ்கரேட்' என்ற படப் புத்தகம் போட்டு, அதன் புதிருக்கு விடையாக ஒரு தங்க முயலை மண்ணில் புதைத்து வைத்தார். 1982-இல் ஒருவர் அதைத் தோண்டி எடுத்தார். புதிரை விடுவித்து அல்ல, ஓவியரோடு முன்பு வாழ்ந்த பெண்ணின் வழியாகக் கிடைத்த துப்பை வைத்து என்று பிற்பாடு பத்திரிகையில் அம்பலமானது. ஏற்பாட்டாளரின் மச்சானுக்குப் போன் போடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

விதிமுறைத் தாளைப் படிப்பதில் சோம்பல் வேண்டாம். போட்டோவில் டீம் முழுக்கத் தெரிய வேண்டுமா, டீம் எண் தெரிய வேண்டுமா, சமன் வந்தால் நேரமா கிலோமீட்டரா, சிக்னல் மீறினால் வெளியேற்றமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பவர் பேங்க், சில்லறை, தண்ணீர் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

புறப்படும் முன் இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள்: பரிசு யார் பெயரில்? பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிய பரிசுக்கு 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஸ்கூட்டர் போலப் பொருளாகக் கொடுத்தால், வரி கட்டியது உறுதியான பிறகுதான் சாவி கைக்கு வரும். பான் கார்டு நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.