பவுனைப் பவுனாகவே கேளுங்கள்

விவாகரத்துச் சமரசத்தில் வீடு விற்ற பணத்தைப் பிரிக்க உட்காரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த வீட்டுக்காகக் கழுத்திலிருந்து போன நகையை எடையில் கேளுங்கள், ரூபாயில் கேட்காதீர்கள்.

கவரைப்பேட்டையில் நாங்கள் வீடு வாங்கியது 2014இல். இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. முன்பணத்துக்கு என் 18 பவுன் போனது. அப்போது பவுன் இருபதாயிரத்துச் சொச்சம். நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. லோன் தவணை என் கணவர் கணக்கில் பிடித்தார்கள். மளிகை, பிள்ளையின் ஃபீஸ், மாமியாரின் மருந்து என் சம்பளத்தில். பத்து வருஷப் பாஸ்புக்கைப் புரட்டினால் முன்பணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பணம் போட்டவர் அவர் மட்டும்தான். நான் போட்டது சாப்பாடாகவும் மாத்திரையாகவும் தீர்ந்துபோயிருந்தது.

பிரிவது முடிவானதும் அவர் அண்ணனும் என் தாய்மாமாவும் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுதிவிட்டார்கள்: லோனை அடைத்த மிச்சத்தில் நகைக்கு நாலு லட்சம், மீதி ஆளுக்குப் பாதி. நான் ஷிஃப்டில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நடந்த தவறுகளிலேயே அதிகம் பறித்தது அந்தத் தாள்தான். 2025 ஏப்ரலில் பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியது. 18 பவுனுக்குப் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். மாமா இன்றுவரை அந்தத் தாளை நியாயம் என்றுதான் சொல்கிறார். நகை அவர் மகளுடையதாக இருந்தால் அப்படி எழுதியிருப்பாரா?

திருவள்ளூர் சமரச மையத்தில் கணவரின் வக்கீல் அந்தத் தாளைத்தான் நீட்டினார். “வீட்டு விலை ஏறியதில் உங்களுக்கும் பாதி வருகிறதே” என்றார். வருகிறது, அது பத்து வருஷச் சோற்றுக்கும் மருந்துக்கும் வருவது என்றேன். இந்துத் திருமணச் சட்டத்தில் வீட்டுப் பணத்தைப் பாதியாகப் பிரி என்று எழுதியில்லை. அதனால் கையில் தீர்ப்பு இருக்க வேண்டும். என் வக்கீல் இரண்டைக் கொண்டுவந்தார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான் என்று சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு கொடுத்தார். இன்னொன்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளப் பெண் ஒருவரின் 89 பவுனுக்குக் குடும்ப நீதிமன்றம் 2011இல் 8.90 லட்சம் போட்டிருந்தது. காலம் கடந்ததையும் விலைவாசி ஏறியதையும் பார்த்து உச்ச நீதிமன்றம் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. சீதனம் பெண்ணுக்கு மட்டுமே சொந்தம். கஷ்டத்துக்குக் கணவர் எடுத்தாலும் திருப்பித் தர வேண்டும்.

பழைய நகை விற்ற சீட்டு, கல்யாண ஆல்பம், அந்தப் பணம் என் கணக்கில் விழுந்து பில்டருக்குப் போன ஸ்டேட்மெண்ட் மூன்றையும் மேஜையில் வைத்தேன். 12 பவுனுக்குச் சமரசம் முடிந்த நாளின் விலை, மீதி பாதிப் பாதி என்று முடிந்தது. 6 பவுன் போனது போனதுதான்.

சீக்கிரம் முடி என்று எல்லாரும் நெருக்குவார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போனால் சென்னைக்குள் போய் வண்டி மாற வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். போனாலும் பரவாயில்லை, போங்கள்.

வீட்டை நீயே வைத்திருக்கலாமே என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு: லோன் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. என் ஒரு சம்பளத்தை நம்பி பாங்க் அவர் பெயரை எடுக்காது. விற்றதுதான் சரி.

வில்லங்கச் சான்று, பாங்கில் லோன் முடிக்கும் கடிதம், 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் எல்லாம் ஆவண எழுத்தரே சொல்லிவிடுவார். பணம் யார் கைக்கு எப்படி வரும் என்பதை மட்டும் சமரச ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். வாங்குபவரிடம் மூன்று டிடி கேளுங்கள்: பாங்குக்கு, அவருக்கு, உங்களுக்கு. “மொத்தமும் தம்பி கணக்குக்கு வரட்டும், நான் பிரித்து அனுப்புகிறேன்” என்றார் அவர் அண்ணன். முடியாது என்றேன். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் என் டிடி கைக்கு வந்த பிறகுதான் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.