தாழ்த்துவது எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-ல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86, பிறவியிலேயே தாழ்ந்த கார். எஞ்சினின் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 460 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் காரை வாங்குகிற பலர் முதலில் மாற்ற நினைப்பது ஸ்பிரிங்கைத்தான். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது என்பது ஒரு காரணம். அழகுக்காக ஒரு காரை மாற்றுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. வளைவில் கார் இன்னும் நன்றாகச் சாலையைப் பிடிக்கும் என்பது இன்னொரு காரணம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 30 மி.மீ. இறக்கினால் அந்த எடை மாற்றம் சுமார் ஆறரை சதவீதம் குறையும். சக்கரமும் பிரேக்கும் இருந்த உயரத்திலேயே இருப்பதால் உண்மையில் கிடைப்பது இன்னும் கொஞ்சம் குறைவு. லாபம்தான், ஆனால் சிறிய லாபம்.

இதற்கான விலையை ஷாக் அப்சார்பரில் தேட வேண்டும். சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும். அந்த இடம் தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் என்ற முட்டுக்கட்டையில் போய் மோதும். ஒரு காரில் அந்த இடம் 75 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அதன் கடினத்தையும் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 20 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 55. அதே மேட்டை அதே மாதிரி விழுங்க ஸ்பிரிங் ஏறக்குறைய 1.9 மடங்கு கடினமாக வேண்டும். 30 மி.மீ. இறக்கினால் 2.8 மடங்கு, 40 மி.மீ. இறக்கினால் 4.6 மடங்கு. ஆனால் கடையில் கிடைக்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அசலைவிடச் சில பத்து சதவீதமே கடினமானவை. ஷாக்கும் ஆற்றலை விழுங்குகிறதே, பம்ப் ஸ்டாப்பும் ஒருவகை ஸ்பிரிங்தானே என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் வளைவின் நடுவில் வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டால் அந்த மூலையின் கடினம் ஒரே நொடியில் பல மடங்காகிறது, டயரின் பிடி நழுவுகிறது. பின்சக்கரம் ஓட்டும் காரில் இது பின்பக்கத்தில் நேர்ந்தால் வால் வெளியே வீசும். ஆகவே எவ்வளவு தாழ்ந்தது என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். அசல் ஷாக்கை வைத்துக்கொள்பவர் 20 முதல் 25 மி.மீ. வரை போதும் என்று நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் முடிவு.

இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிட்டால் செலவில்லையே என்பார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது சரியான இயற்பியல்தான். ஆனால் அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடக்கூடும். சூடேற்றி அமுக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும். உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர் நல்ல மாற்று. அதில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அசல் ஷாக் ஏற்கெனவே எண்ணெய் கசிந்திருந்தால் புது ஸ்பிரிங்கை அதன்மேல் ஏற்றாதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் சமதளத்தில் காரை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நான்கு மூலையிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். பிறகு ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த நேரத்திலும் காருக்கடியில் கை வைக்காதீர்கள். முன்பக்கத்தில் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்து ஹோஸை இழுக்காதபடி கம்பியால் கட்டி வைத்துவிட்டு, பானெட்டுக்கு அடியிலுள்ள மேல் நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் கைக்கு வந்துவிடும். அதன் நடுத்தண்டின் நட்டை மட்டும் இப்போது தொடக் கூடாது.

ஆளைக் கொல்லக்கூடிய கட்டம் இதுதான். அந்த நடு நட்டு அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அவசரப்பட்டுத் தளர்த்தினால் ஸ்பிரிங்கும் மேல்தட்டும் முகத்தை நோக்கிப் பாயும். ஸ்பிரிங் கம்ப்ரசரின் இரண்டு கொக்கிகளையும் நேரெதிரே மாட்டி, ஒன்றைச் சில சுற்று, மற்றதைச் சில சுற்று என்று மாறி மாறிக் கைஸ்பேனரால் முறுக்குங்கள்; காற்றழுத்தத் துப்பாக்கி வேண்டாம். மேல்தட்டு இருக்கையில் தளர்ந்து ஆடிய பிறகே நடு நட்டைக் கழற்ற வேண்டும். எந்த நேரத்திலும் ஸ்பிரிங்கின் முனை உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ நோக்கி இருக்கக் கூடாது. சொந்தமாகக் கம்ப்ரசர் இல்லாதவர், ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்குவது புத்திசாலித்தனம். புது ஸ்பிரிங்கின் முனை தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பம்ப் ஸ்டாப்பைக் குறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் சொன்ன அளவு மட்டுமே வெட்டுங்கள். மூடும்முன், ஷாக் தண்டில் உடலை ஒட்டி ஒரு சிறு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கி விடுங்கள். அதன் பயனுக்குப் பிறகு வருவோம்.

பின்பக்கம் எளிது. டிக்கியின் ஓர விரிப்பை விலக்கினால் மேல் நட்டுகள் தெரியும், கீழே ஒரு போல்ட். மற்றதெல்லாம் முன்பக்கம் செய்ததேதான். ஆனால் பலர் தவறவிடுவது இங்கேதான் இருக்கிறது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கைகளில் வேலைக்காகத் தளர்த்திய போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக முறுக்கக் கூடாது. அவற்றுக்குள் இருக்கும் ரப்பர் புஷ், முறுக்கும்போது கை இருந்த நிலையையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் அது நிரந்தரமாகத் திருகிக்கொண்டு நிற்கும். காரின் உயரத்தையும் தாங்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். சக்கரங்களின் மேல் காரின் எடை ஏறிய பிறகு, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

அடுத்தது அலைன்மென்ட். இதைத் தள்ளிப்போடுபவர் டயரின் உள்விளிம்பைத் தின்னக் கொடுக்கிறார். தாழ்ந்த காரில் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வைவிட, கூடவே மாறிப்போகும் டோ என்னும் திசைக்கோணமே டயரை அதிகம் தேய்க்கிறது. 86-ல் டோவைச் சரிசெய்ய வழி அசலாகவே உண்டு. முன்பக்கச் சாய்வைத் திருத்த, ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதிலாக மையம் விலகிய போல்ட் ஒன்றைப் போடலாம். முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் வகை என்பதால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கீழ்க்கை சாய்ந்துபோக, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் நீள்வதால், அதிகம் தாழ்த்திய கார், ஸ்பிரிங் கடினமாக இருந்தும் எதிர்பார்த்த அளவுக்குச் சாய்வைக் குறைத்துக்கொள்வதில்லை. குறைவாகத் தாழ்த்தச் சொல்வதற்கு இது இரண்டாவது சாட்சி.

ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிபாருங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் தூரத்துக்குப் போகாது. சட்டமும் ஊருக்கு ஊர் வேறு: ஜப்பானில் தரைக்கும் காருக்கும் 90 மி.மீ. இடைவெளி இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் ஸ்பிரிங்கை மாற்றியபின் பொதுவாக ஆய்வாளரிடம் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். நீங்கள் ஓட்டும் நாட்டின் விதியை ஸ்பிரிங் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் வழக்கமான சாலையில் ஓட்டிய பிறகு நான்கு மூலையையும் மறுபடி அளந்து, போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். பிறகு தூசி உறையை விலக்கி அந்தக் கேபிள் டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதிகபட்சமாக அமுங்கிய இடம் வரை ஷாக் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் உங்கள் சாலைக்கு இந்த உயரம் பொருந்துகிறது. அன்றாட ஓட்டத்திலேயே டை பம்ப் ஸ்டாப்பில் போய் அழுந்தியிருந்தால் இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும், இல்லையென்றால் காரைச் சற்று உயர்த்த வேண்டும்.