10 லேப்டாப் வாங்கச் சொன்னால்

"10 லேப்டாப்புக்குக் கொட்டேஷன் வாங்கி வை" என்று மேலாளர் சொன்னதும் பலரும் மூன்று கடையில் விலை கேட்டு, குறைந்ததில் டிக் போட்டுவிடுவார்கள். நீங்கள் நான்கு வருடம் வைத்திருக்க என்ன செலவாகும் என்று போட்டுக் காட்டுங்கள். உங்கள் பேச்சு எடுபடும்.

முதலில் மென்பொருளைப் பாருங்கள். டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது. மேக்கில் அதைத் திறக்கத் தனி ஏற்பாடு வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஆகவே கணக்குப் பிரிவுக்கு மேக் பேச்சே வேண்டாம். டிசைன் செய்பவர்கள், நிரல் எழுதுபவர்கள் விஷயத்தில்தான் இரண்டுக்கும் நிஜமான போட்டி.

அவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். விலைகளை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் லேப்டாப் 50,000 ரூபாய். நான்கு வருடம் கழித்து 8,000-க்குப் போகிறது. மேக்புக் 90,000, 35,000-க்குப் போகிறது. கையை விட்டுப் போனது 42,000, 55,000. மாதத்துக்குப் பிரித்தால் வித்தியாசம் சுமார் 270 ரூபாய். 30,000 சம்பளக்காரரின் அரை நாள் ஏறக்குறைய 600 ரூபாய். மலிவான லேப்டாப் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரை அரை நாள் உட்கார வைத்தாலே அந்த லாபம் போச்சு. உட்கார வைக்காவிட்டால் விண்டோஸே லாபம்.

2016-இல் ஐபிஎம் நிறுவனம், நான்கு வருடத்தில் மேக் ஒன்றுக்கு 273 முதல் 543 டாலர் வரை மிச்சமாவதாகச் சொன்னது. மேக் கேட்பவர்கள் இதைத்தான் நீட்டுவார்கள். உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறைந்தது அந்த மிச்சத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே அழைப்பை எடுப்பவருக்கு டாலரில் சம்பளம். கூப்பிட்டால் சில நூறு ரூபாய்க்கு சர்வீஸ் ஆள் வந்துவிடும் நம் ஊரில் அவ்வளவு மிஞ்சாது.

பழைய லேப்டாப் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியதும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. பாதுகாப்பு அப்டேட்டைக் காசு கொடுத்து நீட்டிக்க, நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலை முதல் வருடம் கணினிக்கு 61 டாலர். பிறகு வருடா வருடம் இரட்டிப்பு. 15,000 ரூபாய்க்குக் கிடைத்த 'லாபம்' இப்படித்தான் கரையும்.

ராம் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். இன்றைய மேக்புக்கில் வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. மெல்லிய விண்டோஸ் லேப்டாப் பலவும் அப்படியே. ஸ்லாட் இருக்கும் மாடலானால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராம் வாங்கிப் போட்டு இரண்டு வருடம் தள்ளலாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனமா? 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியுமா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு, வரி நீக்கிய விலையை வைத்தே ஒப்பிடுங்கள். கொட்டேஷனில் மூன்று விவரம் கூடுதலாகக் கேளுங்கள்: ஆன்சைட் வாரண்டி எத்தனை வருடம், காலி ராம் ஸ்லாட் உண்டா, வாரண்டி முடிந்தபின் பேட்டரி என்ன விலை. மூன்றாவதுக்கு மழுப்பும் கடையைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள்.