இல்லாத காலும் வலிக்குமா?

சாலாக் செலாத்தானில் என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு நீரிழிவினால் கால் எடுக்கப்பட்டது. "எடுத்த காலின் பெருவிரல் வலிக்கிறது, தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டேன். அது என் அறியாமை.

தமிழகத்தில் 1951-ல் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்றார். பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் மேற்படிப்புப் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். மூளையும் மனமுமே அவர் ஆராய்ச்சி.

ஆள் ஊரை விட்டுப் போனாலும் நம் 555 நோட்டில் அவர் கணக்கு நிற்குமல்லவா? அதுபோல ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓரிடம் உண்டு. உறுப்பு போனபின்னும் அவ்விடம் ஓய்வதில்லை. 1990-களில் அவர், கை இழந்தோர் முன் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காணச் செய்தார். சிலருக்கு வலி தணிந்தது.

ஆகவே, கால் இழந்தவர் வலிக்கிறதென்றால் பொய்யென்று எண்ணாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகள் உளநூல் படிக்க விரும்பினால், "கடைக்கு என்ன இலாபம்?" என்று தடுக்காதீர்கள்.

அப்பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.